மதில் வைத்த இரும்பு

மே 10, 1993. திங்கள்

கத்திரி. காலை ஒன்பதுக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. சேலையூரிலிருந்து மொபெட்டில் கல்லூரிக்கு வருவதற்குள் மண்டை காய்ந்துவிட்டது. கெமிஸ்ட்ரி லேபில் கரண்ட் இல்லை. ஜன்னலைத் திறந்தால் அனல், மூடினால் ஈதர் நாற்றம்.

செய்ய வேண்டியவை: தீசிஸ் சுருக்கத்தை (சினாப்சிஸ்) டைப்புக்குக் கொடுக்க. ஐந்தாம் அத்தியாயப் படங்கள். மொபெட் செயின். அம்மாவின் குன்றத்தூர் பிரார்த்தனை, இந்த வாரமாவது.

28ஆம் தேதி கமிட்டிக் கூட்டம். அன்று தலையாட்டிவிட்டார்கள் என்றால் ஜூனில் தீசிஸ் உள்ளே. ஆட்டாவிட்டால் பதிவு காலாவதி. இரண்டு தடவை நீட்டித்தாகிவிட்டது, இனிக் கிடையாது. ஐந்து வருடமும் அம்போ. அப்பாவுக்கு அது போதும். நேற்றுச் சாப்பிடும்போதே ஆரம்பித்துவிட்டார். "இரும்பு இரும்புன்னு அஞ்சு வருஷம். பழைய இரும்புக் கடை வெச்சிருந்தாக்கூட இந்நேரம் கேம்ப் ரோட்டுல கட்டடம் எழுப்பியிருக்கலாம்." வயலை மனை போட்டு விற்றே காலம் தள்ளுகிற மனிதர். அவரிடம் என்ன பேச.

மத்தியானம் ஹேமா ஓடிவந்து ஒரு குப்பியை நீட்டினாள். அடியில் கருஞ்சிவப்பாகப் படிகம், மினுமினுவென்று. "அண்ணா, வந்துருச்சு, பாருங்க!" குரோம்பேட்டையிலிருந்து எலக்ட்ரிக் ட்ரெயினில் வருகிற பெண். சேர்ந்து இரண்டாவது வருடம்தான். எனக்கு நாலு மாதம் போக்குக் காட்டிய வேலை அவளுக்கு நாலு வாரத்தில் முடிகிறது. "அழுக்கா இருக்கும். திரும்ப ரீகிரிஸ்டலைஸ் பண்ணு" என்றேன். குப்பியைப் பார்க்காமலே சொன்னேன். அவள் முகம் சுண்டிவிட்டது. அப்புறம் எனக்கு நல்ல பசி.

மே 12. புதன்

புழுக்கம். விமானப்படைக்காரர்களின் பயிற்சி விமானம் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றி உயிரை வாங்குகிறது.

கைடு ராமலிங்கம் சார் கூப்பிட்டார். "கமிட்டில ஃபிசிக்ஸ்காரர் ஒருத்தர் இருக்கார். அவருக்கு நம்ம பாஷை புரியாது. என் சம்சாரத்துக்குச் சொல்ற மாதிரி சொல்லிப் பழகு."

பழகுகிறேன். நடுவில் இரும்பு அணு. அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் கரிமக் கூட்டு லிகண்ட். பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஈனி. இரண்டும் சேர்ந்த காம்ப்ளெக்ஸோடு பெராக்சைடு சேர்த்தால் சைக்ளோஹெக்சீன் என்ற எண்ணெய் மாதிரியான திரவத்தின் மேல் ஆக்சிஜனை ஏற்றும். ஒழுங்காக இரட்டைப் பிணைப்பின் மேல் ஏற்றினால் எபாக்சைடு, ஒரே பொருள். கண்ட இடத்தில் பாய்ந்தால் ஆல்கஹாலும் கீட்டோனுமாகக் கலவை. நான் பன்னிரண்டு லிகண்ட் செய்தேன். ஓரத்தில் குளோரின், நைட்ரோ, மெத்தில் என்று மாற்றி மாற்றி வைத்தேன். பன்னிரண்டிலும் அதே கலவை, அதே விகிதம். விளைச்சல் கொஞ்சம்தான், ஆனால் விகிதம் அசையவே இல்லை. ஆக என் முடிவு: எந்த லிகண்டைக் கட்டினாலும் இரும்பு தன் குணத்தைத்தான் காட்டும்.

சம்சாரத்துக்குப் புரியும்.

ஹேமா சொல்வது நேர் எதிர். சுற்றிலும் மதில் மாதிரித் தடுப்பு இல்லாத லிகண்ட் என்றால் இரண்டு இரும்பு அணுவும் நடுவில் ஒரு ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு ஒட்டிவிடும், பழுப்புப் பொடியாகி வேலைக்கு ஆகாமல் போய்விடும் என்கிறாள். அதனால் லிகண்டின் நாலு பக்கமும் பருத்த பியூட்டைல் கூட்டங்களை நட்டிருக்கிறாள். இங்கே புதுசாக மனை வாங்குகிறவன் வீட்டுக்கு முன்னால் காம்பவுண்ட் சுவரைத்தான் எழுப்புவான், அந்த மாதிரி. இரும்பு இரும்போடு சேர முடியாது, எண்ணெயும் ஒரே வழியாகத்தான் உள்ளே வர முடியும், அதனால் எபாக்சைடு மட்டும் வரும் என்பது அவள் கணக்கு. "லிகண்ட் சொன்னபடி இரும்பு கேக்கும்ணா" என்கிறாள். இவள் சொன்னபடி வீட்டில் நாய்க்குட்டிகூடக் கேட்காது, இரும்பு கேட்குமாம்.

அவள் சரி என்றால் என் தீசிஸ் குப்பை. இதை எழுதும்போது கை வியர்க்கிறது. வெயில்தான்.

மே 14. வெள்ளி

மொபெட் செயின் மாற்றியாயிற்று. டைப்பிஸ்ட் லீவ்.

ஹேமாவின் கண்ணாடிச் சாமான் நாடகம் தாங்கவில்லை. தனி ஃபிளாஸ்க், தனி பிரஷ், தனி பிளாஸ்டிக் டப். ஆசிட்டில் ஊறவைத்து, கிண்டியில் ஒரு லேபில் இருக்கும் தோழியிடமிருந்து கேனில் டிஸ்டில்ட் வாட்டர் வாங்கி ரயிலில் தூக்கிக்கொண்டு வந்து அலசுகிறாள். நாங்கள் எல்லோரும் குழாயைத் திறந்தோமா, கழுவினோமா, ஓவனில் வைத்தோமா என்று போகிற ஆட்கள். லேபுக்கு என்றைக்கும் போர் தண்ணீர்தான். ஐந்து வருடமாக அதில்தான் கழுவுகிறேன். செத்தா போனேன்?

அட்டெண்டர் முனுசாமி நிற்கும்போதே கேட்டேன். "என்னம்மா, மடிப் பாத்திரமா? நாங்க தொட்டா தீட்டுப் பட்டுருமா?" முனுசாமி பல்லைக் காட்டிச் சிரித்தான். இத்தனைக்கும் அவள் டிபன் பாக்ஸைத் திறந்தால் லேப் முழுக்க வஞ்சிர வாசனை. மடியாவது மண்ணாவது.

அவள் சிரிக்கவில்லை. "அய்யோ, அப்படியெல்லாம் இல்லண்ணா. போர் தண்ணில இரும்பு இருக்கு. பக்கெட்டு எப்படி மஞ்சளா கெடக்குது பாருங்க. அது கண்ணாடில படிஞ்சா நம்ம ரியாக்‌ஷன்ல அதுவும் பூந்துக்கும். நீங்களும் ஒரு தடவை காம்ப்ளெக்ஸ் போடாம வெறும் ஃபிளாஸ்க்ல ஓட்டிப் பாருங்களேன்."

எனக்கே பாடம். இரண்டாவது வருடம். "முதல்ல உன் படிகத்தைக் காயவை, அப்புறம் என் ஃபிளாஸ்க்கைக் கழுவலாம்" என்றேன். காது மடல் சிவந்துபோய்த் திரும்பிக்கொண்டாள். முனுசாமி இன்னும் கொஞ்சம் சிரித்தான்.

மே 17. திங்கள்

வயிறு எரிகிறது. மோர் குடித்தும் அடங்கவில்லை.

சார் மேஜையில் ஹேமாவின் ஜிசி சார்ட், கலவையில் எது எவ்வளவு என்று மெஷின் வரைந்து தருவது. நீளக் காகிதத்தில் ஒரே கூம்பு, எபாக்சைடு வரும் இடத்தில், கோயில் கோபுரம் மாதிரி நிற்கிறது. பக்கத்தில் வேறொன்றும் இல்லை. சார் அதைத் தடவிக்கொடுக்கிறார். பேரக் குழந்தையைக்கூட இவர் இப்படித் தடவிப் பார்த்ததில்லை.

"தனசேகர், இது நின்னுதுன்னா உன் முடிவுரைய கொஞ்சம் மாத்தணும்ப்பா."

"ஒரு ரன்தானே சார்."

"ஆமா, ரிப்பீட் பண்ணச் சொல்லியிருக்கேன். புதன்கிழமை ஓட்டறா."

முடிவுரையைக் கொஞ்சம் மாற்றுவதாம். முடிவுரையே அதுதானே ஐயா. மற்ற நாலு அத்தியாயமும் அதற்குத்தானே வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருக்கிறது.

வரும் வழியில் கேம்ப் ரோடு முனையில் பஸ்ஸுக்கு ஒதுங்கி நிற்கும்போது அவள் சொன்னது ஞாபகம் வந்தது. போர் தண்ணியில் இரும்பு இருக்கு. அட. இவளே கத்தியைத் தீட்டிக் கையில் கொடுத்திருக்கிறாள்.

மே 18. செவ்வாய்

ஹேமா சாம்பிள் எடுத்துக்கொண்டு கிண்டி போய்விட்டாள். லேபில் நான் மட்டும். முனுசாமி சாப்பாட்டுக்கு.

அவள் டப்பிலிருந்து ஃபிளாஸ்க்குகளை எடுத்தேன். போர் தண்ணீர் ஊற்றி ஓவனில் வற்றவிட்டேன். மறுபடி ஊற்றி, மறுபடி வற்றவிட்டேன். அடியில் லேசாக மஞ்சள் வளையம் தெரிந்தது, டிஷ்யூவால் துடைத்தேன். கண்ணுக்குத் தெரியாதது போகாது. அவள் வைத்த வரிசையிலேயே திருப்பி வைத்தேன்.

  ஒரு பாத்திரம் கழுவுகிற மாதிரிதான் இருந்தது.

சாயங்காலம் அம்மாவை மொபெட்டில் உட்காரவைத்துக் குன்றத்தூர் போனேன். படியேறும்போது அம்மா, "உனக்காகத்தான்டா வேண்டிக்கிட்டேன், நல்லபடியா முடியணும்னு" என்றாள். முடியும் என்றேன். நல்ல தரிசனம். கூட்டமில்லை.

மே 19. புதன்

காலையில் ரன். மூன்று மணிக்கு ஜிசி. சார்ட் வெளியே வர வர ஹேமாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபுரம் குட்டிச்சுவராகிவிட்டது. பக்கத்தில் ஆல்கஹாலும் கீட்டோனும் நெட்டையாக எழும்பி நின்றன.

 காகிதத்தைக் கிழித்து மடித்தாள். காரிடாரில் போய் நின்று அழுதாள், துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு. மூக்கு நுனி சிவப்பாக. நான் டீ வாங்கிக்கொண்டு போனேன். "அழாதம்மா. இரும்பு அப்படித்தான். நாம மதில் கட்டுனா அது ஏறிக் குதிச்சுட்டுப் போயிரும்." தலையை ஆட்டினாள். "நான் என்னமோ பெருசா நினைச்சுட்டேன்ணா" என்றாள். பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பாவத்தோடு சேர்த்து டீ ரொம்ப ருசியாக இருந்தது, அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

சார் அறைக்குள்ளிருந்து குரல். "ஒரு தடவை வந்தது ஃப்ளூக்கும்மா. விடு. தனசேகர் சொன்னது சரியா இருக்கலாம்."

டைப்பிஸ்ட்டிடம் முடிவுரையைக் கொடுத்தேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

மே 20. வியாழன்

முதுகெல்லாம் வேர்க்குரு.

ஹேமா சும்மா இருக்கவில்லை. ஃபிளாஸ்க் ஒவ்வொன்றிலும் துளி ஆசிட் விட்டு அலசி, அதில் தயோசயனேட் போட்டுப் பார்த்தாள். பிளஸ் டூ பையன் செய்கிற டெஸ்ட். இரும்பு இருந்தால் ரத்தச் சிவப்பு. எல்லாமே சிவந்தன.

சார் முனுசாமியைப் பிடித்துக்கொண்டார். "யார்யா அந்தப் பொண்ணு சாமானைக் குழாய்த் தண்ணில கழுவுனது?"

"நா இன்னாத்துக்கு சார் தொடப் போறேன்? அந்தம்மா அத்த கைலயே வுடாது."

"பின்ன தானா போய் கழுவிகிச்சா? வேலைல இருக்கணும்னு நெனப்பு இருக்கா இல்லியா?"

"சத்தியமா சார். எம் புள்ள மேல ஆணையா நா தொடல."

"வெளிய போ."

நான் படங்களுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தேன். முனுசாமி என் மேஜையைத் தாண்டும்போது, "சொல்லு சார், நீ இங்கதான கீற, நா அப்டியா பட்டவன்?" என்றான். "பாத்து நடந்துக்கப்பா" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அந்த ஆளுக்கு. ஐம்பது வயதிருக்கும்.

ஹேமா என்னைப் பார்க்கவே இல்லை.  ஒரு ஃபிளாஸ்க்கை மட்டும் அப்படியே பிளாஸ்டிக் கவரில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு, மிச்சத்தை ஆசிட்டில் முக்கினாள்.

மே 24. திங்கள்

ஹேமாவுக்கு எபாக்சைடு மறுபடி வந்துவிட்டதாம். சார் உற்சாகம், 28ஆம் தேதி அதே கமிட்டி முன்னால் அவளும் பேசட்டும் என்கிறார். வரட்டும். ஒரு தடவை வருகிறது, ஒரு தடவை வரவில்லை என்றால் கமிட்டியில் எவன் நம்புவான்? கிண்டியிலிருந்து வரும் வெளி எக்ஸ்பர்ட் அம்மா சந்தேகப் பிராணி என்று பேச்சு. ஹேமாவை ஊதித் தள்ளிவிடுவார்.

நாலு மணிக்கு ஹேமா வந்தாள். "அண்ணா, உங்க பழைய சார்ட் ரெண்டு மூணு குடுங்களேன். என் டாக்ல ஒப்பிட்டுக் காட்டணும்."

"எது வேணும்?"

"எதுன்னாலும் சரிண்ணா. எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு."

வழிக்கு வந்துவிட்டாள். பன்னிரண்டையும் எடுத்துக் கொடுத்தேன். நன்றாகப் பார்த்துக் கற்றுக்கொள் என்றேன். "ரொம்ப தேங்க்ஸ்ணா" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

மே 28. வெள்ளி

எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

முதலில் நான். நன்றாகவே பேசினேன். ஃபிசிக்ஸ்காரர் தலையாட்டினார். எக்ஸ்பர்ட் அம்மா, நரைத்த கொண்டை, கைத்தறிப் புடவை, ஒரே கேள்வி. "பன்னிரண்டு லிகண்ட் மாத்தியும் விகிதம் அசையலைன்னதும் உங்களுக்கு சந்தேகம் வரலையா?"

"அதான் மேடம் என் கண்டுபிடிப்பே."

"காம்ப்ளெக்ஸே போடாம ஓட்டிப் பாத்தீங்களா?"

"அவசியப்படலை மேடம்."

அவர் எதையோ குறித்துக்கொண்டார். பரவாயில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

அடுத்து ஹேமா. ஓவர்ஹெட் புரொஜெக்டரில் தன் கோபுரத்தைக் காட்டினாள். நாலு தடவை ஓட்டி நாலிலும் அதே கோபுரம். மதில் இல்லாத என் மாதிரி லிகண்ட் ஒன்றையும் தானே செய்து சுத்தமான ஃபிளாஸ்க்கில் ஓட்டியிருக்கிறாள். ரெண்டு நிமிஷத்தில் பழுப்புப் பொடி, எண்ணெய் அப்படியே இருக்கிறது, ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சொன்னாள். "நடுவுல யாரோ தெரியாம என் ஃபிளாஸ்க்கை போர் தண்ணில கழுவிட்டாங்க. ஒண்ணை அப்படியே எடுத்து வெச்சிருந்தேன். அதுல காம்ப்ளெக்ஸ் எதுவுமே போடாம, பெராக்சைடும் எண்ணெயும் மட்டும் ஊத்தி ஓட்டினேன்." அந்த சார்ட்டைக் கண்ணாடித் தாளில் வரைந்திருந்தாள். புரொஜெக்டரில் வைத்தாள். ஆல்கஹால், கீட்டோன். குட்டையான ரெண்டு கூம்பு.

"இது தனசேகர் அண்ணாவோட முதல் லிகண்ட்." இன்னொரு தாளை அதன் மேலேயே வைத்தாள். கோட்டின் மேல் கோடு. ஒரு மயிரிழை விலகவில்லை. "இது ரெண்டாவது." அதன் மேலே. "இது மூணாவது." ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனாள். கோடு தடிமனாகிக்கொண்டே போனது, வேறு எதுவும் மாறவில்லை. ஏழாவது தாளில் சார், "போதும்மா" என்றார். "இன்னும் அஞ்சு இருக்கு சார்" என்றாள் ஹேமா. எல்லாவற்றையும் வைத்தாள்.

 ஃபிசிக்ஸ்காரர்தான் கேட்டார். "அப்ப அஞ்சு வருஷமா எக்ஸ்பெரிமெண்ட் பண்ணினது எது? இவர் காம்ப்ளெக்ஸா, குழாய்த் தண்ணியா?" ஒருத்தர் சிரித்தார். நானும் சிரிப்பு மாதிரி ஏதோ செய்தேன்.

எக்ஸ்பர்ட் அம்மா சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். "லிகண்ட் முக்கியமில்லைன்னு எழுதியிருக்கீங்க. உங்க ஃபிளாஸ்க்ல வேலை பாத்த இரும்புக்கு லிகண்டே கிடையாதுப்பா. உங்க காம்ப்ளெக்ஸ் எல்லாம் ரெண்டே நிமிஷத்துல ஒட்டிப் போய்ச் செத்துடுச்சு. செத்ததுக்கு அப்புறம் எத்தனை லிகண்ட் மாத்தினா என்ன?"

ஹேமா தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டே, "என் ஃபிளாஸ்க்கைக் கழுவினவங்களுக்குத்தான் நன்றி சொல்லணும் மேடம். அவங்க கழுவலைன்னா எனக்கு இது தோணியே இருக்காது" என்றாள். அப்போதுதான் என்னைப் பார்த்தாள். சாதாரணமான பார்வை. தெரியும். அவளுக்குத் தெரியும். பதினெட்டாம் தேதி லேபில் யார் இருந்தது என்று அவளுக்குக் கணக்குப் போடத் தெரியாதா.

சினாப்சிஸ் நிராகரிப்பு. நீட்டிப்பு கிடையாது.

மே 29. சனி

மழை வருகிற மாதிரி இருட்டிவிட்டு ஏமாற்றிவிட்டது.

லேபில் என் மேஜையைக் காலி செய்யப் போனேன். சார் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "காம்ப்ளெக்ஸ் போடாம ஒரு பிளாங்க் ஓட்டறதுக்கு என்னய்யா கேடு உனக்கு? நானும் கையெழுத்துப் போட்டிருக்கேனே. என் மானமும் போச்சு." நீங்கள் ஏன் கேட்கவில்லை சார் என்று வாய் வரை வந்தது. விழுங்கினேன்.

முனுசாமி வாசலில் பீடி. விஷயம் எப்படியோ போயிருக்கிறது. "இன்னா சார், அஞ்சு வருசமா போர் தண்ணிக்கா டாக்டர் பட்டம் படிச்சிகினு இருந்தே? எங்கூட்டாண்ட கைப்பம்புக்கு வா, அதுலயும் மஞ்சாத் தண்ணிதான் வருது." சத்தமாகச் சொன்னான். மரத்தடியில் நின்ற பி.எஸ்ஸி. பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கன்னத்தில் அறையவேண்டும் போல இருந்தது. அறைய எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? மொபெட்டை உதைத்தேன், கிளம்பவில்லை. கேம்ப் ரோடு வரை தள்ளிக்கொண்டே போனேன்.

அப்பா கேட்டார். சொன்னேன். கத்துவார் என்று பார்த்தேன். "சாப்பிடு" என்றார். இவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா சமையலறையில் அழுதது கேட்டது.

அவளை வெறுக்கிறேன். என்னை வெறுப்பதைவிட அது சுலபமாக இருக்கிறது.

ஜூன் 2. புதன்

சார் ஆள் அனுப்பினார். போனேன். சீக்கிரம் பேசி முடித்துவிட வேண்டும் என்கிற அவசரத்தில் இருந்தார். "உன் டேட்டா வீணாப் போகாது. ஹேமா பேப்பர் எழுதறா. மதில் வெச்சா என்ன ஆகும், இல்லேன்னா என்ன ஆகும், லிகண்டே இல்லாத வெறும் இரும்பு என்ன பண்ணும், மூணையும் ஒரே டேபிள்ல போடறா. கடைசி வரிக்கு உன்னோட பன்னிரண்டையும் சராசரி எடுத்துக்கறோம். டேபிளுக்குக் கீழ நன்றின்னு உன் பேரு வரும்."

ஐந்து வருடம். ஒரு வரி. அதுவும் வெறும் இரும்புக்கு.

முடியாது என்று சொல்ல வேண்டும். எழுந்து போக வேண்டும். நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஹேமா பக்கத்து மேஜையில் டைப் அடித்த தாளோடு நின்றாள். தலை பின்னி, மல்லிகை வைத்து, வியர்வைகூட இல்லாமல். நல்ல வேலைக்காரி. என்னைவிட நல்ல கெமிஸ்ட். இதை நான் வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன்.

"அண்ணா, உங்க இனிஷியல் கே தானே? ஒரே இனிஷியலா, ரெண்டா?"

கே.எம். என்றேன். எழுதிக்கொண்டாள்.